18 வெள்ளிக்கு வாங்கிய கேமராவை ஏலத்தில் விற்ற அனுபவம்

போன வருடக் கடைசியில் சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் ஒரு த்ரிஃப்ட் கடையில் ஒலிம்பஸ் ட்ரிப் 35 ஃபிலிம் கேமரா ஒன்று கண்ணில் பட்டது. விலை 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதைத் துடைத்து, பழுது பார்த்து, ஃபிலிம் போட்டுச் சோதித்து ஈபே இணைய ஏலத்தில் விட்டேன். இங்கிலாந்தில் ஒருவர் 68 பவுண்டுக்கு எடுத்தார். கட்டணமும் தபால் செலவும் போகக் கையில் நின்றது எவ்வளவு என்பதைப் பிறகு கணக்காகவே போடுகிறேன்.

பழைய பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஏற்றி விற்பதுதான் இந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, வாங்கும் இடத்தில் பெரிய லாபம் கிடையாது. இதே கேமராவை வாங்கிய கையோடு நாலு படம் எடுத்து, “வேலை செய்கிறதா என்று சோதிக்கவில்லை” என ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அசல் தேறியிருக்கும், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஊரிலிருந்து பழைய பொருளை வாங்குகிறவர் மனதில் ஆயிரம் சந்தேகம் இருக்கும். அவை தீரத் தீரத்தான் ஏலத்தில் விலை ஏறுகிறது. சந்தேகத்தைத் தீர்க்கும் வேலை முழுக்க வீட்டு மேசையில் நடக்கிறது. அதனால் இந்தப் பதிவிலும் மேசை வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

தேடும் இடம்

சிங்கப்பூரில் பழைய சாமான் என்றாலே ஒரு காலத்தில் சுங்கை ரோடுதான். தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே நடந்துபோய், தரையில் விரித்த கடைகளில் கைக்கடிகாரம், ரேடியோ, பழைய நாணயம் என்று புரட்டிப் பார்த்த தமிழர்கள் நிறையப் பேர். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. என் சித்தப்பா அங்கே வாங்கிய ட்ரான்சிஸ்டர் இன்றும் அவர் வீட்டுச் சமையலறையில் பாடுகிறது.

இப்போது நான் போவது அப்பர் புக்கிட் தீமா சாலையில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற தொண்டு அமைப்பு நடத்தும் பெரிய கடைக்கும், வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் நியூ2யு என்ற சின்னக் கடைக்கும். இரண்டாவது கடையைச் சிங்கப்பூர் மாதர் அமைப்புகளின் மன்றம் நடத்துகிறது. அதன் வருமானம், வீட்டில் வன்முறைக்கு ஆளாகி வெளியே வரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் ஸ்டார் ஷெல்டர் காப்பகத்துக்குப் போகிறது. அதனால் இந்தக் கடைகளில் நான் பேரம் பேசுவதே இல்லை. “முன்னெல்லாம் இது அஞ்சு வெள்ளிதான்” என்று கல்லாவில் நிற்கும் தன்னார்வலரிடம் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். விலை கட்டுப்படியாகாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம். வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் கராங் குனி அங்கிளிடம் பேரம் பேசுவது வேறு, அங்கே இரண்டு பக்கமும் வியாபாரம்.

பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச், ஒரு காந்தம், இரண்டு ஏஏ பேட்டரி, பொத்தான் பேட்டரி ஒன்றிரண்டு, ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். காந்தம் எதற்கென்றால், பித்தளை என்று நினைத்துத் தூக்கும் விளக்கு சில சமயம் இரும்பில் முலாம் பூசியதாக இருக்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. குத்துவிளக்குகள் இந்தக் கடைகளுக்கு அடிக்கடி வருகின்றன. வீடு மாறும்போதோ, வீட்டில் பெரியவர்கள் போனபிறகோ கொடுத்துவிடுகிறார்கள். நல்ல வார்ப்புப் பித்தளை விளக்கு கிடைத்தால் வாங்குவேன், ஆனால் விற்கமாட்டேன். தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

தந்தப் பொருள் எதையும் தொடக்கூடாது. சிங்கப்பூருக்குள் யானைத் தந்தம் விற்பதற்கு 2021 செப்டம்பர் 1 முதல் தடை இருக்கிறது, ஈபேயிலும் அதற்கு இடமில்லை. பழைய சீப்பு, வளையல், சின்னச் சிலை என்று எந்த உருவிலும் வரும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

சிவப்புக் கொடி

கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்த வயதான தமிழர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, அது ட்ரிப்தானே? அதுக்கு பேட்டரியே வேணாம்பா.”

“ஆமாம் அங்கிள். நீங்க வச்சிருந்தீங்களா?”

“கல்யாணமான புதுசுல கேமரன் ஹைலண்ட்ஸ் போனப்ப இதான் கையில. லென்ஸைக் கையால மூடிட்டு அமுக்கிப் பாரு, சிவப்பா ஒண்ணு எந்திரிக்கும்.”

அவர் சொன்னதுதான் இந்தக் கேமராவுக்கு முதல் சோதனை. ட்ரிப் 35 வெளிவந்தது 1967-இல். 1984 வரை தயாரித்தார்கள். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போலத் தெரிகிற கண்ணாடி வளையத்துக்குள் செலினியம் மின்கலம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே சிறிதளவு மின்சாரம் உண்டாக்கி வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளை நகர்த்தும். வெளிச்சம் போதாவிட்டால் பார்வைத் துளையில் ஒரு சிவப்புக் கொடி எழும்பி, படம் எடுக்கத் திறந்து மூடும் ஷட்டரை அடிக்கவிடாமல் தடுத்துவிடும். வளையத்தைக் கையால் பொத்திக்கொண்டு அமுக்கினேன், கொடி எழுந்தது. கூரை விளக்கைப் பார்த்து அமுக்கியபோது ஷட்டர் அடித்தது. செலினியம் செத்துப்போன கேமராவில் எவ்வளவு வெளிச்சத்தைக் காட்டினாலும் கொடி எழுந்துகொண்டே இருக்கும். அப்படியொன்று கிடைத்தால் உதிரி பாகத்துக்கு மட்டும்தான் உதவும்.

இரண்டாவது சோதனை டார்ச்சில். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸுக்குள் பார்க்கவேண்டும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் கிளைவிட்டிருந்தால் பூஞ்சணம். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அலமாரியில் பத்து வருடம் கிடந்த கேமராவில் பூஞ்சணம் இல்லை என்றால் அதுதான் ஆச்சரியம். முன் கண்ணாடியின் மேல்பரப்பில் இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். உள்ளே ஊறி, கண்ணாடியின் பூச்சையே அரித்திருந்தால் எந்த மருந்தும் உதவாது. இந்தக் கேமராவில் ஓரத்தில் லேசான புகைமூட்டம் மட்டும் இருந்தது, நூல் எதுவும் இல்லை. 18 வெள்ளியைக் கொடுத்துவிட்டேன்.

மேசை வேலை

வீட்டுக்கு வந்ததும் முதலில் பிறந்த தேதியைப் பார்த்தேன். பின்கதவின் உட்புறத்தில் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் கறுப்புத் தகடு ஒன்று இருக்கிறது. அதை மெதுவாக ஒரு பக்கமாகத் தள்ளினால் கழன்று வரும். அதன் பின்புறம் மூன்று எழுத்துக் குறியீடு இருக்கும். முதலாவது தொழிற்சாலை, இரண்டாவது வருடத்தின் கடைசி இலக்கம், மூன்றாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு இலக்கத்துக்குப் பதில் எக்ஸ், ஒய், இஸட் வரும். என் கையில் இருந்த கேமராவில் இரண்டாவது இலக்கம் 6, மூன்றாவது 3. 1966-இல் இந்த மாடலே கிடையாது, 1986-இல் நிறுத்தியாகிவிட்டது. ஆக 1976 மார்ச் மாதம். ஷட்டர் பொத்தான் வெள்ளி நிறத்தில் இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது, பிந்திய வருடங்களில் வந்தவற்றில் கறுப்புப் பொத்தான் இருக்கும். ஏல விளம்பரத்தில் “1976 மார்ச்” என்று எழுதி, தகட்டின் படத்தையும் போட்டால், விற்கிறவர் கேமராவைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பது வாங்குகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது ஒளி புகாமல் அடைக்கும் பஞ்சு. பின்கதவின் ஓரப் பள்ளங்களிலும் கீல் பக்கத்திலும் கறுப்பு ஃபோம் வைத்திருப்பார்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் அது இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. தொட்டால் விரலில் ஒட்டும், விரலிலிருந்து சட்டைக்குப் போகும். பல்குத்தியால் சுரண்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்கவேண்டும். அப்போது கேமராவின் திறந்த பக்கம் கீழே பார்த்தபடி இருப்பது முக்கியம். மேலே பார்த்தபடி வைத்துச் சுரண்டினால் துணுக்குகள் ஷட்டர் இதழ்மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது இன்னொரு பெரிய வேலை. இந்த ஒரு கட்டத்தில் மட்டும் அவசரமே கூடாது. பழைய பிசின் ஒரு மயிரிழை அளவு மிஞ்சினாலும் புதுப் பஞ்சு சரியாக ஒட்டாது.

புதிதாக வைப்பதற்குத் தனியாக வெட்டிய ஃபோம் செட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. நான் நீளமான பள்ளங்களுக்குப் பின்னல் வேலைக்கான கறுப்புக் கம்பளி நூலைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு நூல்கண்டு பல வருடம் வரும், பசையே தேவையில்லை, பள்ளத்தில் வைத்துப் பல்குத்தியால் அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். இந்த வெக்கையில் இளகுவதும் இல்லை. கீல் பக்கத்துக்கு மட்டும் மெல்லிய, ஒட்டும் ஃபோம் தாளை வெட்டி வைத்தேன்.

சரி, இனி உண்மையான பழுது. வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டர் பொத்தானை மெதுவாக அமுக்கிக்கொண்டே முன்பக்கமாக லென்ஸுக்குள் பார்த்தால், வெளிச்சம் புகும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்கள் நகர்ந்து, அந்தத் துளை சிறிதாவது தெரியும். இந்தக் கேமராவில் நிழலைக் காட்டினாலும் வெயிலைக் காட்டினாலும் துளை ஒரே அளவில் நின்றது. மீட்டர் உயிரோடு இருக்கிறது, ஆனால் இதழ்கள் பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ட்ரிப் 35-இல் அடிக்கடி வருகிற நோய் இது. கடையில் ஷட்டர் அடிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு “நன்றாக வேலை செய்கிறது” என்று எழுதிப்போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வாங்கியவருக்குப் பாதிப் படங்கள் வெளுத்தோ இருண்டோ வரும்போதுதான் தெரியும்.

லென்ஸின் தூர வளையத்தைச் சுற்றி மூன்று பொடி ஸ்க்ரூ இருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் வளையம் வந்துவிடும். அதற்கடுத்து முன் கண்ணாடித் தொகுதி மரையில் சுழன்று கழலும். கழற்றுவதற்கு முன் வளையத்தை மலைக் குறியில், அதாவது தொலைதூரத்தில் நிறுத்தி, கண்ணாடித் தொகுதிக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு மெல்லிய பேனாக் கோடு போட்டுக்கொண்டேன். மரை விடுபடும் இடத்திலும் இன்னொரு குறி. இந்த இரண்டு குறிகளும் இல்லாமல் திரும்ப மாட்டினால் கேமராவின் ஃபோகஸ் முழுவதும் தப்பிவிடும். இதழ்களின் மேல் லைட்டர் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, ஷட்டரைப் பலமுறை இயக்கி, வெளியே வந்த எண்ணெயைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, காயவிட்டு, மறுபடியும் அதையே செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இதழ்கள் இளகி, வெளிச்சத்துக்கு ஏற்றபடி துளை சுருங்கவும் விரியவும் தொடங்கியது. அந்த இடத்தில் எண்ணெய் போடவே கூடாது. காய்ந்த இதழ்தான் அங்கே நல்ல இதழ். கண்ணாடியின் உட்புறத்தில் இருந்த புகைமூட்டமும் துடைத்ததில் போய்விட்டது. குறிகளைப் பொருத்தி மாட்டினேன்.

ஃபிலிம் சோதனை

இதைச் செய்யாமலே விற்கலாம், பலரும் அப்படித்தான் விற்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஃபோகஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பின்கதவில் வெளிச்சம் கசிகிறதா என்பதையெல்லாம் ஃபிலிம் ஒன்றுதான் சொல்லும். ஆனால் ஒரு சுருளின் விலையும், கழுவி ஸ்கேன் செய்யும் கூலியும் சேர்ந்தால் 30 வெள்ளியைத் தொட்டுவிடும். ஒரு கேமராவுக்கு ஒரு சுருள் என்றால் லாபத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

அதனால் ஒரே சுருளை மூன்று கேமராவில் ஓட்டுவேன். முதல் கேமராவில் பத்துப் படம் எடுத்ததும், ஃபிலிமின் நுனி முழுவதும் அதன் டப்பாவுக்குள் போய்விடாதபடி காதால் கேட்டுக்கொண்டே பின்னோக்கிச் சுற்ற வேண்டும். நுனி பிடியிலிருந்து விடுபடும் சின்னச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். அடுத்த கேமராவில் மாட்டி, ஏற்கெனவே எடுத்த இடத்தைத் தாண்டும்வரை லென்ஸை மூடிக்கொண்டு வெறுமனே அடிக்க வேண்டும். ட்ரிப் 35-இல் இங்கே ஒரு சிக்கல் உண்டு. லென்ஸை மூடினால் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டரைப் பூட்டிவிடும். அபெர்ச்சர் அளவைக் குறிக்கும் வளையத்தை ஆட்டோவிலிருந்து திருப்பி 22-இல் வைத்தால் கொடி தடுக்காது. ஃப்ளாஷுக்கான அந்த நிலையில் நொடியில் நாற்பதில் ஒரு பங்கு வேகத்தில் ஷட்டர் அடிக்கும். தேவையான அளவு அடித்துவிட்டு வளையத்தை மறுபடி ஆட்டோவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

படம் எடுக்க வீட்டு வாசல் நடைபாதையும் சிராங்கூன் ரோடுமே போதும். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் தொலைதூர ஃபோகஸுக்கு அருமையான சோதனை. நல்ல வெயிலில் அத்தனை சின்னச் சின்னச் சுதைச் சிற்பங்களும் பிரிந்து தெரிந்தால் லென்ஸில் குறையில்லை. அருகில் எடுப்பதற்குத் தேக்கா சந்தையில் பூக்கட்டுகிறவரின் மேசையை அவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன். கனகாம்பரம் தெளிவாக விழுந்தது, பின்னால் நின்ற கூட்டம் மங்கியது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பழைய கேமராக் கடைகள் இருப்பதால், ஃபிலிமைக் கொடுக்கப் போகும்போதே அங்கே ட்ரிப் 35 என்ன விலைக்குப் போகிறது என்றும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏலம்

விலையைத் தெரிந்துகொள்ள, விற்பனைக்குப் போட்டிருக்கும் விலைகளைப் பார்ப்பதில் பயனில்லை. யார் வேண்டுமானாலும் 300 டாலர் என்று போட்டுவிட்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம். ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டினால், கடந்த 90 நாளில் உண்மையாகவே கைமாறிய விலைகள் தெரியும். சோதிக்காத ட்ரிப் 35-க்கும் படத்தோடு சோதித்துக் காட்டியதற்கும் நடுவே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

ஏலத்தைப் பற்றி ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். ஈபேயில் ஒருவர் தன்னால் அதிகபட்சம் எவ்வளவு தரமுடியும் என்று போட்டுவிட்டால், அந்தத் தொகை உடனே வெளியே வராது. அடுத்தவரை முந்துவதற்கு எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கு மட்டும் படிப்படியாக அவர் பெயரில் ஏறும். ஆகவே கடைசி விலையை முடிவு செய்கிறவர் இரண்டாவதாக வந்து தோற்கிற ஆள்தான். அவருடைய உச்சத்துக்கு ஒரு படி மேலே விலை நின்றுவிடும். ஆசைப்படுகிறவர் ஒருவர் மட்டும் வந்தால் ஆரம்ப விலைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் வேலை, ஒரே பொருளை உண்மையாக விரும்பும் இரண்டு பேரை ஒரே நேரத்தில் அங்கே கொண்டுவருவது.

அதற்காகத்தான் இதை இங்கிலாந்தில் வாங்குகிறவர்களுக்குப் போட்டேன். 1970-களில் புகைப்படக் கலைஞர் டேவிட் பெய்லியை வைத்து ஒலிம்பஸ் அங்கே விளம்பரம் செய்ததால் ட்ரிப்புக்கு அந்த நாட்டில் இன்றும் தனி மவுசு. அமெரிக்காவுக்கும் முன்பு நிறைய அனுப்பியிருக்கிறேன். ஆனால் 800 டாலருக்குக் குறைந்த பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை அவர்கள் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியபிறகு, வாங்குகிறவருக்குச் செலவும் குழப்பமும் கூடிவிட்டன. இங்கிலாந்துக்கு என்றால் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு வரியை ஈபேயே வசூலித்துக் கட்டிவிடுகிறது. பொட்டலம் வாசலுக்கு வரும்போது புதிதாக ஒரு பில் முளைக்காது.

ஏழு நாள் ஏலம். போட்ட அதே நேரத்தில்தான் முடியும் என்பதால், அவர்களுடைய ஞாயிறு இரவு 8 மணிக்கு முடியும்படி நேரம் குறித்தேன். சாப்பிட்டுவிட்டு ஃபோனைப் பார்க்கும் நேரம் அது. இங்கே அப்போது திங்கள் அதிகாலை, அவர்கள் கோடையில் 3 மணி, குளிர்காலத்தில் 4 மணி. ஆரம்ப விலையாக என் கைச்செலவு மொத்தத்தையும் ஈடுகட்டும் தொகையைப் போட்டேன். 99 பென்ஸில் தொடங்கினால் கூட்டம் வரும் என்பார்கள். அந்த வாரம் கூட்டம் வராவிட்டால் முதலுக்கே மோசம். அபூர்வமான பொருளாக இருந்தால் மட்டும் தாழ்ந்த விலையில் தொடங்கலாம், அதைத் தேடிக்கொண்டு ஆட்கள் எப்படியும் வருவார்கள்.

விவரிப்பில் குறைகளை முதலில் எழுதினேன். மேல் மூடியில் ஒரு சின்ன நசுங்கல், அடியில் பித்தளை தெரியும் தேய்மானம், கேமராவுக்கு உறை இல்லை. ஒவ்வொன்றுக்கும் நெருக்கமாக ஒரு படம். அப்புறம்தான் செய்த வேலை, இதழ்கள் அசையும் சிறு காணொளி, அந்தக் கேமராவிலேயே எடுத்த கோபுரப் படமும் பூக்கடைப் படமும். குறையைச் சொன்னால் விலை விழும் என்ற பயம் வேண்டாம். 1995-இல் பியர் ஒமிட்யார் ஈபேயைத் தொடங்கியபோது முதலில் விற்றதே உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர்தான். 14.83 டாலருக்கு அது உடைந்தது என்று தெரிந்தே ஒருவர் வாங்கினார். குறை தெரிந்து வாங்குகிறவர் திருப்பி அனுப்பமாட்டார். பெட்டியைத் திறந்தபின் குறையைக் காண்கிறவர் கட்டாயம் அனுப்புவார், அந்தத் தபால் செலவு என் தலையில்தான் விழும்.

நடு வாரத்தில் ஒருவர், நிழலில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டிருந்தார். நடைபாதை நிழலில் எடுத்த இன்னொரு படத்தைப் பதிலோடு விளம்பரத்திலும் சேர்த்தேன். சனிக்கிழமை 41 பவுண்டில் நின்ற விலை, திங்கள் காலை எழுந்து பார்த்தபோது 68-இல் முடிந்திருந்தது. ஏறக்குறைய முழு ஏற்றமும் கடைசி நிமிடத்தில் நடந்திருக்கிறது. இது வழக்கம்தான், முன்கூட்டியே கேட்டு விலையை ஏற்றிவிட யாருக்கும் விருப்பமில்லை. எடுத்தவர் ஒரு மணி நேரத்தில் பணம் கட்டிவிட்டார். சில சமயம் ஏலம் எடுத்தவர் பணமே கட்டாமல் மறைந்துவிடுவார். அப்போது இரண்டாவதாக வந்தவருக்கு அவர் கேட்ட விலையிலேயே தருவதாகச் செய்தி அனுப்ப ஈபேயில் வழி இருக்கிறது.

அனுப்புதலும் கணக்கும்

கேமரா 400 கிராம் அளவுதான். குமிழித் தாளில் இரண்டு சுற்று, இறுக்கமான சின்னப் பெட்டி, அதைச் சுற்றி நாலு பக்கமும் கசக்கிய காகிதம், வெளியே பெரிய பெட்டி. கையில் எடுத்து உலுக்கினால் உள்ளே அசைவே இருக்கக்கூடாது. சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டேன், நம் ஊர் ஈரம் பெட்டிக்குள் அடைபட்டுப் போகவேண்டாம் என்று. தடம் பார்க்கும் வசதியுள்ள தபாலில்தான் அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் “வரவில்லை” என்று ஒரு வார்த்தை வந்தால் விற்றவரிடம் ஆதாரம் இருக்காது. சுங்கப் படிவத்தில் பழைய ஃபிலிம் கேமரா, பேட்டரி இல்லை, ஏலம் போன விலை இவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அன்பளிப்பு என்று போடச்சொல்லி சிலர் கேட்பார்கள். அதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது கணக்கு. பொருள் 68 பவுண்டு, தபாலுக்கு 15, மொத்தம் 83. ஈபே தன் கட்டணத்தைத் தபால் தொகையையும் சேர்த்தே கணக்கிடுகிறது, இதைப் பலர் மறந்துவிட்டுக் கையைக் கடித்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய 12 பவுண்டு போக மீதி, சிங்கப்பூர்க் காசாக மாறி 120 வெள்ளியாக வந்தது. செலவு: கேமரா 18, ஃபிலிமில் பங்கு 10, நூல், ஃபோம், ஆல்கஹால் வகையில் 4, பெட்டி 3, தபால் 25. ஆக 60. லாபம் 60 வெள்ளி.

மேசையில் உட்கார்ந்த மாலை நேரங்களுக்கு மணிக்கணக்கில் கூலி போட்டால் இது பெரிய தொகை இல்லை. ஆனால் பழுது கைக்குப் பழகப் பழக நேரம் குறைகிறது. இப்போது ஒரு ட்ரிப்பின் பஞ்சை மாற்றுவது எனக்கு ஒரு கிரிக்கெட் ஆட்டம் பார்த்துக்கொண்டே முடிகிற வேலை. தொடர்ந்து வாங்கி விற்கிறவர்கள் வரவு செலவை எழுதி வைத்துக்கொள்வது அவசியம். லாபநோக்கோடு செய்வது வியாபார வருமானம், வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டியது.

எல்லாப் பொருளும் ஏலத்துக்குப் பொருந்தாது. பீங்கான் தட்டு, கனமான பாத்திரம் போன்றவற்றைக் கடல் கடந்து அனுப்பினால் தபால் செலவே பொருளின் விலையைத் தின்றுவிடும், உடையும் ஆபத்து வேறு. அவற்றைக் கரோசல் என்ற விற்பனைச் செயலியில் உள்ளூரிலேயே போட்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றிவிடுவேன்.

இப்போது மேசையில் இருப்பது ஒரு சீக்கோ 5 கைக்கடிகாரம், 25 வெள்ளி. பின்மூடியில் 6119 என்ற இயந்திர எண்ணும் அதற்கு அருகில் ஆறு இலக்கத் தொடர் எண்ணும் இருக்கின்றன. தொடர் எண்ணின் முதல் இலக்கம் வருடம், இரண்டாவது மாதம். 1, 8 என்று தொடங்குவதாலும் அந்த இயந்திரம் 1970-களின் நடுவோடு நின்றுவிட்டதாலும் இது 1971 ஆகஸ்டில் செய்தது. கடிகாரத்துக்குள் கைவைக்கும் பயிற்சி எனக்கு இல்லை, அதனால் மூடியைத் திறக்கப்போவதில்லை. விளம்பரத்தில் எழுதப்போவது இதுதான்: மணிக்கட்டில் கட்டிப் பார்த்ததில் நாளுக்கு ஒரு நிமிடம் வேகமாக ஓடுகிறது, உள்ளே சர்வீஸ் செய்யப்படவில்லை, தேதி மாற்றும் வசதி வேலை செய்கிறது, கண்ணாடியில் 4 மணிக்கு நேரே ஒரு கீறல், வார் புதியது, சீக்கோவுடையது அல்ல.